வெல்ல வாசனை

இன்று ராயபுரம் பஸ்ஸில், பக்கத்து சீட்டு மீன்காரம்மா என் கையிலிருந்த நாவலைப் பார்த்து, "இன்னா கதைம்மா அது?" என்றார்.

"போர்க்காலத்துல ஒரு சின்னப் பொண்ணு. ஒரு துண்டு வெல்லத்துக்காக, அம்மா ஒளிச்சு வெச்ச அரிசிய சிப்பாய்ங்ககிட்ட காட்டிக் குடுத்துடுறா. கடைசிவரைக்கும் அம்மாவுக்குத் தெரியாது."

"அதெப்படிம்மா தெரியாம பூடும்? புள்ள வாயில வெல்ல வாசன வந்துகினு இருந்திருக்கும்ல?"

நாவலை மூடிப் பையில் வைத்தேன்.

ஏழு வயதில், பரோட்டா வாங்கிக் கொடுத்த அப்பாவிடம் அக்காவின் காதலைச் சொன்னவள் நான். அன்று சால்னா மணத்த என் கையைக் கழுவிவிட்டவள் அக்காதான்.

இதோ இருக்கிற வண்ணாரப்பேட்டையிலிருந்து என் பதிவுகளுக்கெல்லாம் லைக் போடுகிறாள். பேசுவதில்லை.

அக்கா, இதற்கு லைக் வேண்டாம். போன் பண்ணு.