ஆடி முப்பத்திரண்டு

கணினிக்குத் தேதி என்பது வெறும் எண். அதை மனிதர் படிக்கிற மாதிரி மாற்றித் தருவது என் பிழைப்பு. பல வருடங்களாகச் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும் சரக்குப் பெட்டிகளுக்கு 'புதன்கிழமை வந்து சேரும்' என்று எழுத வைத்துக்கொண்டிருக்கிறேன். பெட்டிகள் இதுவரை குறை சொன்னதில்லை.

அந்தத் தைரியத்தில், மகளின் நிச்சயதார்த்தப் பத்திரிகையை நானே கைப்பேசியில் செய்து அனுப்புவேன் என்று அடம்பிடித்தேன். ஆங்கிலத் தேதியோடு நிறுத்தியிருக்கலாம். தமிழ்த் தேதியையும் நிரலே கணக்கிட்டுப் போடட்டும் என்று ஓர் அற்ப ஆசை. ஆடி கழியட்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்து குறித்த நாள் ஆவணி ஒன்று, ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் அன்றைக்குத்தான் காலி. அடுத்த வாரம் மாப்பிள்ளை இரண்டு வருட வேலையாகச் சிட்னிக்குப் பறக்கிறார்.

பத்திரிகை போன கையோடு, பாசிர் ரிஸ்ஸிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா அழைத்தார்.

"அண்ணே, ஆடியிலயா நிச்சயம் பண்றீங்க?"

"இல்லையேம்மா, ஆவணி ஒண்ணு."

"ஆடி முப்பத்திரண்டுன்னு போட்டிருக்கே!"

பார்த்தேன். போட்டிருந்தது. ஆடிக்குச் சில வருடம் முப்பத்தொரு நாள், சில வருடம் முப்பத்திரண்டு. நான் எல்லா வருடத்துக்கும் முப்பத்திரண்டைத் தாராளமாக வழங்கியிருந்தேன்.

"அது புரோகிராம் தப்பும்மா."

"கம்ப்யூட்டர் எப்படிண்ணே தப்பா சொல்லும்?"

"நான் எழுதினதும்மா."

இந்த வீட்டிலா பெண் எடுக்கிறோம் என்று யோசித்திருப்பார். அவசரமாக ஒரு வரியைத் திருத்தி மறுபடி அனுப்பினேன். உடனே அடுத்த அழைப்பு.

"இப்ப ஆவணிங்குது. கொஞ்ச நேரம் முன்னாடி ஆடி. நீங்க தட்டுனா மாறுது! மண்டபம் போயிடக் கூடாதுன்னு மாத்திட்டாருன்னுதான் எங்க ஆளுங்க பேசுவாங்க. அவன் திரும்பி வரட்டும்ணே, அப்புறம் பாத்துக்கலாம்."

நான் தட்டினால் மாறும் என்பது முழு உண்மை. அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். இதைச் சொல்லியா என்னைக் காப்பாற்றிக்கொள்வது?

பக்கத்தில் நின்ற மகளின் முகம் சிவந்துவிட்டது. "அப்பா, நீங்க இனிமே எதையும் டச் பண்ணாதீங்க, ப்ளீஸ்."

விறுவிறுவென்று கீழே மளிகைக் கடைக்குப் போனாள். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் அந்த நாளின் தாளைத் தேடிப் பிடித்துப் படமெடுத்து மாமியாருக்கு அனுப்பினாள். மேலே முருகன், கீழே பொன்னி அரிசி விளம்பரம், நடுவில் ஆவணி 1.

பதில் குரலாகவே வந்தது. "இத மொதல்லயே அனுப்பியிருக்கலாம்லா! எங்க ஆளுங்களுக்கும் காட்டிட்டேன். ஞாயித்துக்கிழமை பாப்போம்."

என் வரி பத்திரிகையிலிருந்து நீக்கப்பட்டது. அந்த இடத்தில் காலண்டர் படத்தை, வெட்டக்கூட நேரமில்லாமல், முழுசாக ஒட்டி எல்லாருக்கும் மறுபடி அனுப்பினாள் மகள்.

ஞாயிற்றுக்கிழமை மோதிரம் மாற்றியாயிற்று. பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் சாதத்தைப் பிசைந்தபடி, "ஏங்க, இதுக்கு அரிசிக் கம்பெனி ஸ்பான்சரா?" என்றார்.

ஆமாம் என்றேன்.