மூன்று வயது செக்யூரிட்டி

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். டிப்ளமோ முடித்து ஓசூரில் டிரெயினியாகச் சேர்ந்தபோது, வரிசை வீட்டில் எனக்குப் பக்கத்து அறையில் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி குடும்பத்தோடு இருந்தார். நெட்டையான ஆள், நரை கலந்த தாடி, நகக்கண்ணில் எந்த சோப்புக்கும் போகாத கிரீஸ் கறை.

ஷிஃப்ட் முடிந்து மாலையில் வருவார். மூன்று வயது மகள் வாசற்படியில் வழி மறித்து நிற்பாள்.

"கார்டு?"

கழுத்தில் தொங்கும் கம்பெனி கார்டைக் குனிந்து நீட்டுவார். அவள் சோப்பு டப்பாவை அதன்மேல் வைத்து "டிக்" என்பாள். அப்புறம்தான் உள்ளே விடுவாள்.

"லேட்டாயிடுச்சு மேடம், அரை நாள் கட் பண்ணிடாதீங்க" என்று அவர் கெஞ்சுவதைக் கேட்டு வரிசையே சிரிக்கும்.

ஒருநாள் வெறும் கழுத்தோடு வந்தார். கான்ட்ராக்ட் முடிந்ததென்று கம்பெனி கேட்டிலேயே கார்டை வாங்கிக்கொண்டார்களாம். வாசலுக்குப் போகாமல் என்னிடம் வந்தார்.

"பாப்பாவுக்கு இன்னைக்கே தெரிய வேணாம் தம்பி. உன் கார்டைக் கொஞ்சம் குடு."

கொடுத்தேன். வாசற்படியில் பாப்பா கார்டிலிருந்த படத்தை உற்றுப் பார்த்தாள்.

"இது மாமா மூஞ்சி."

"அப்பா தாடி எடுத்துட்டேன் மேடம்."

அவள் அவருடைய தாடியைத் தடவிப் பார்த்தாள். சோப்பு டப்பாவைக் கார்டின்மேல் வைத்தாள்.

"டிக். நாளைக்கு உன் கார்டு எடுத்துட்டு வா."

"சரிங்க மேடம்" என்று தலையைக் குனிந்து உள்ளே போனார்.

அந்த மாதமே, மத்தூர்ப் பக்கம் ஏதோ வேலை கிடைத்ததென்று அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். இன்றைக்கும் கேட்டில் கார்டைக் காட்டும்போது வாய்க்குள் "டிக்" என்று சொல்லிக்கொள்கிறேன். அவருக்கு அங்கே கிடைத்த வேலையில், கழுத்தில் மாட்ட ஒரு கார்டு கொடுத்தார்களா என்றுதான் தெரியவில்லை.