அமெரிக்காவுக்கு எந்தப் பக்கம் சூலம்?

வாடகை வேன் ஓட்டுகிறவனுக்கு ரோட்டில் கண் இருந்தால் மட்டும் போதாது, பின் சீட்டில் காதும் இருக்க வேண்டும். ஸ்டீயரிங் பிடித்துப் பிழைக்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்துக்குப் போகிறவர்களை ஏற்றிவிடலாம், ராமேஸ்வரத்துக்குத் திதி கொடுக்கப் போகிறவர்களையும் ஏற்றிவிடலாம். முதல் தடவை பிளேன் ஏறுகிற குடும்பத்தைக் கொண்டுபோய் இறக்குகிறது இருக்கிறதே, அது தனிப் பாடு. செல்போன் ஊர்ப்பக்கம் வந்த புதுசில், கடலாடிப் பக்கத்துச் சம்சாரி வீட்டு ஆட்களை மதுரை ஏர்போர்ட்டுக்கு ஏற்றிப்போன ஒரு புதன்கிழமையைச் சொல்கிறேன். அனுபவித்தவர்களுக்குப் புரியும்.

புறப்பாடு

வண்டியை வாசலில் நிறுத்தும்போதே உள்ளே மாமனாருக்கும் மருமகளுக்கும் வாக்குவாதம். மாமனார் வேலுச்சாமி, மிளகாயும் நெல்லும் போடுகிறவர். மருமகள் செல்வி. கூட நாலு வயசுப் பேத்தி. செல்வியின் புருசன் முருகேசன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். அங்கே ராட்டினமும் தண்ணீர்ச் சறுக்கும் ஊர் அகலத்துக்கு இருக்கிற ஒரு பூங்காவுக்கு எல்லாரையும் கூட்டிப்போக டிக்கெட் அனுப்பியிருந்தான்.

வாக்குவாதம் டிக்கெட்டைப் பற்றி இல்லை, திசையைப் பற்றி. புதன்கிழமை வடக்கே சூலம், அந்தப் பக்கம் பயணம் ஆகாது. செல்வி, "அமெரிக்கா மேற்க இருக்கு மாமா" என்றாள். "மெட்ராஸ் வடக்கதானத்தா இருக்கு? மதுரையிலருந்து அங்கன போயித்தான பெரிய பிளேன் ஏறணும்?" என்றார் அவர். "உலகமே உருண்டை மாமா, எந்தப் பக்கம் போனாலும் போயிரலாம்" என்று அவள் சொன்னதும் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "உருண்டைன்னா எல்லாப் பக்கமும்ல சூலம் குத்தும்!"

ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டு ஏறினார். சூலத்துக்குப் பரிகாரமாம்.

தெருமுனை

ஏறி உட்கார்ந்ததும் எனக்கு ஒரு உத்தரவு. "தம்பி, பின்னாலருந்து எவன் கூப்பிட்டாலும் நிறுத்தாத. நல்ல காரியத்துக்குப் போகையில பின்னால கூப்பிட்டா வெளங்காது."

வடக்குத் தெருவின் கடைசி வீட்டைத் தாண்டியிருப்போம். கண்ணாடியில் பார்த்தால் ஒரு ஆள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருகிறார். "ஏண்ணே, ஏ வேலுச்சாமியண்ணே!" என்று ஊரே கேட்கிற சத்தம். கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. பெரியவர் என் தோளைப் பிடித்து அழுத்தினார். "மிதிங்கிறேன். அந்தக் கருப்பையாவுக்கு இன்னிக்கின்னு பாத்து வாயில சனி."

நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். கருப்பையா புழுதிக்குள் மறைந்து போனார். பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "போற வண்டிய எங்க போறீகன்னு கேக்காம அவனுக்குச் சோறு எறங்காது."

ராட்டினம்

முதுகுளத்தூர் தாண்டியதும் மனசு கொஞ்சம் இறங்கிவிட்டது அவருக்கு. பேத்தியிடம், "அங்கன அப்படி என்னதான் ஆத்தா இருக்கு?" என்றார். அது கையை விரித்து, "ராட்டினம் தாத்தா, இம்புட்டுப் பெருசு" என்றது. "கோயில் கொடையில நம்மூருக்கு வாரதும் அதே ராட்டினந்தான? அதுக்கு ஏன் கடல் தாண்டிப் போகணும்?" என்றார் என்னைப் பார்த்து. நான் எதற்கு வாயைக் கொடுக்க வேண்டும்? ஹாரனை அடித்தேன், எதிரே ஆடு கூட இல்லை.

செல்விதான் பதில் சொன்னாள். முருகேசனுக்கு அங்கே தங்குகிற பேப்பர் மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம். அது முடிகிறவரை அவன் ஊருக்கு வர முடியாது. பிள்ளையைக் கைக்குழந்தையாகப் பார்த்துவிட்டுப் போனவன். அவனுக்குக் கிடைத்த லீவே அந்த ஒரு வாரம்தான், இன்றைய பிளேனை விட்டால் அதுவும் போச்சு. இதையெல்லாம் மழை வரவில்லை என்று சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, கடைசியில் இப்படி முடித்தாள்: "ராட்டினம் இவளுக்கு மாமா. எனக்கு அவரு பக்கத்துல நின்னா போதும்."

டீக்கடை

பரமக்குடியில் டீக்கு நிறுத்தினேன். செல்வி மகளுக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு, "மாமா, பாஸ்போர்ட்டு வச்ச பை எங்க?" என்றாள். பெரியவர் கையில் டம்ளர் அப்படியே நின்றது.

சங்கதி இதுதான். புறப்படுகிற நாளில் சூலம் இருந்தால், நல்ல நாளிலேயே ஒரு பையை அந்தத் திசையில் இருக்கிற வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது வழக்கம். பை கிளம்பினால் ஆளே கிளம்பின கணக்கு. போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம். செவ்வாயும் வடக்கே சூலம் என்பதால் பெரியவர் திங்கட்கிழமையே வைத்துவிட்டார். வெறும் துணிப் பையை வைத்தால் சாமி ஏமாறாது என்று பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம் இருக்கிற ரெக்சின் பையாகப் பார்த்து வைத்திருக்கிறார். வைத்த வீடு, வடக்குத் தெருக் கடைசியில் கருப்பையா வீடு.

செல்வி பிள்ளை வாயில் ஒட்டியிருந்த ரொட்டித் தூளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சுத்தமான பிறகும் துடைத்தாள். பெரியவர் நம்பர் சொல்ல, நான் என் செல்லில் கருப்பையா வீட்டுக்குப் போட்டுக் கொடுத்தேன். எடுத்தது அவர் சம்சாரம். பெரியவர் ஆரம்பிக்குமுன்னே அந்தம்மா போட்ட சத்தம் டீ மாஸ்டருக்கே கேட்டது: "நெஞ்சு வெடிக்கக் கத்துன மனுசன் இப்ப மொபட்ட எடுத்துக்கிட்டு உங்க பின்னாலதான் வாராரு, இனிமேலாச்சும் நில்லுங்க!"

மொபட்

நின்றோம். திரும்பிப் போய் வழியிலே வாங்கிக்கொள்ளலாம் என்றேன். கிளம்பினவன் திரும்பக்கூடாது என்றார் பெரியவர். அந்த நேரத்திலும் என்றார். நான் மதுரை ரோட்டைப் பார்த்தேன், செல்வி ஊர் ரோட்டைப் பார்த்தாள்.

ஒரு வழியாக மொபட் தெரிந்தது. முன்னால் கால் வைக்கிற இடத்தில் அந்த ரெக்சின் பை. நாங்கள் கையை ஆட்ட ஆட்ட, கருப்பையா எங்களைப் பார்க்காத மாதிரித் தாண்டிப் போய்விட்டார்! "ஏலே கருப்பையா, ஏலே!" என்று இப்போது பெரியவர் பின்னாலேயே ஓடுகிறார். மொபட் நிற்கவே இல்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் போய், வளைந்து திரும்பி, எங்களுக்கு நேர் எதிராக நிதானமாக வந்து நின்றது.

பையைப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு, கருப்பையா முகத்துப் புழுதியைத் துடைத்தபடி சொன்னார்: "பின்னால வந்தா வைவீக, அதான் எதுக்க வாரேன். சகுனம் சரியா இருக்காண்ணே?"

ஏர்போர்ட் வாசல்

அதற்கப்புறம் நான் ஓட்டிய ஓட்டத்தை என் சம்சாரத்திடம்கூடச் சொன்னதில்லை. கவுண்டர் மூடுகிறதுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். சாமானை இறக்கித் தள்ளுவண்டியில் வைத்தாயிற்று, போலீஸ்காரர் டிக்கெட்டைப் பார்த்து உள்ளே கையைக் காட்டிவிட்டார். அப்போது பார்த்துப் பெரியவர் வாசலில் நின்றுவிட்டார்.

"மூணு பேரா இருக்கமே ஆத்தா. மூணு பேராப் போகக்கூடாதே."

எனக்கு ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. செல்வி கோபப்படவில்லை. காலையிலிருந்து அவரோடு தர்க்கம் பண்ணினவள், அந்த இடத்தில் மட்டும் அவர் வழிக்கே போனாள். பிள்ளையைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "நாலாவது ஆளு அங்கன நிக்கிறாரு மாமா, அவர சேத்துக்கிறத்தான போறோம், நடங்க."

ஏர்போர்ட் வாடகையில் நம் வண்டி போவது மதுரை வரைக்கும்தான், ஆனாலும் திரும்பி வருகையில் தலைக்கு மேலே சத்தம் கேட்டால் வண்டியை ஓரங்கட்டி அண்ணாந்து பார்க்காத டிரைவர் நம்மில் யாரும் இல்லை.