சிகாமட் போக வேண்டிய இன்சுலின்

அன்று காலை என் திரையில் ஒரு லோரி நகராமல் நின்றது. லாபிஸைத் தாண்டி சிகாமட்டுக்குப் போகும் சாலையில், மேட்டிலிருந்த ஒரு பள்ளி வளாகத்துக்குள் அதன் புள்ளி தெரிந்தது. உள்ளே இருந்தது இன்சுலினும் தடுப்பூசிகளும். வெப்பநிலை நான்கு டிகிரி. கதவு மூடியிருந்தது.

நான் பதறவில்லை. ஓட்டுநர் தேவராஜ் முன்பே போனில் சொல்லிவிட்டார். போகும் வழியிலும் தண்ணீர், வந்த வழியிலும் தண்ணீர். போலீஸ்காரர்கள் லோரியைப் பள்ளிக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். பள்ளி துயர் துடைப்பு மையமாகியிருந்தது. சுற்றுவட்டார எஸ்டேட் குடும்பங்களும் கம்பத்துக் கிராம மக்களும் வகுப்பறைகளில் பாய் விரித்துக் கிடந்தார்கள். தண்ணீர் வடியும்வரை லோரி அங்கேயே நிற்கட்டும், லோரியைக் குளிர்விக்கும் ரீஃபர் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுத் தேநீர் கலக்கப் போனேன்.

சீல் ஏன் வந்தது

உலு திராமில் குளிர்சாதன லோரிகள் ஓட்டும் ஒரு நிறுவனத்தில் கண்காணிப்பு அறை என் பொறுப்பில் இருந்தது. லோரி எங்கே நிற்கிறது, உள்ளே எத்தனை டிகிரி, கதவு திறந்ததா மூடியதா என்பதையெல்லாம் சென்சார்கள் எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். மருந்து ஏற்றினால் இரண்டுக்குக் கீழே இறங்கக்கூடாது, எட்டுக்கு மேலே ஏறக்கூடாது. ஓட்டுநர்களுக்கு ஏர்கோன் சத்தம் போல என் குரலும் பழகிவிட்டது. "சாந்திக்கா மறுபடியும் போன் பண்றாங்க" என்று அவர்கள் தங்களுக்குள் சலித்துக்கொள்வது எனக்கும் தெரியும்.

தொடக்கத்தில் மருந்து லோரிகளுக்கும் சாதாரணப் பூட்டுதான். ஒருமுறை செடெனாக் பக்கம் ஓட்டுநர் ஒருவர் சாப்பிட இறங்கிய நேரத்தில் யாரோ பூட்டை உடைத்து, உறைந்த கோழிப் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பிறகுதான் போல்ட் சீல் வந்தது. விரல் தடிமன் உள்ள ஆணி போன்ற உலோக சீல், ஒவ்வொன்றுக்கும் தனி எண். ஒருமுறை பூட்டினால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். சரக்கைப் பெறுபவர் எண்ணைச் சரிபார்த்து, அவர் முன்னிலையில்தான் வெட்ட வேண்டும். வழியில் வெட்டுப்பட்ட சீலோடு போய் நின்றால் முழு லோடையும் திருப்பி அனுப்ப அவருக்கு உரிமை உண்டு. இந்த விதியை ஓட்டுநர்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

தேவராஜின் இரண்டாவது போன்

மதியத்துக்கு முன்னால் தேவராஜ் மறுபடியும் கூப்பிட்டார். மையத்தில் காமினி என்று ஒரு பெண், சிகாமட்டில் தொழிற்சாலை வேலை, சிறு வயதிலிருந்தே இன்சுலின் போடுபவள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். மருந்து குளிர்சாதனப் பெட்டியோடு போய்விட்டது. முந்தின நாளிலிருந்து ஊசி இல்லை. இப்போது ஓயாத வாந்தி, மூச்சு வேகமாக வாங்குகிறது. மையத்திலிருந்த தாதியிடம் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தது, ஊசிகள் இருந்தன, இன்சுலின் மட்டும் இல்லை. படகு கேட்டிருக்கிறார்கள், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

"க்கா, லோரியில என்ன இருக்குன்னு அந்தத் தாதி மிஸி கேட்டாங்க. நான் சொல்லிட்டேன்," என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அது என் பிரச்சினையாகிவிட்டது.

முதலில் சிகாமட் மருத்துவமனையின் மருந்தாளர் புவான் அஸ்லினாவை அழைத்தேன். லோடு அவருக்குத்தான் போக வேண்டும். அவர் உடனே ஒரு டாக்டரைத் தாதியோடு பேச வைத்தார். காத்திருக்கக்கூடாது, இன்சுலினும் உடம்புக்கு நீரும் உடனே வேண்டும் என்றார் டாக்டர். ஆனால் சீல் விஷயத்தில் அஸ்லினா நேர்மையாகச் சொல்லிவிட்டார்: நான் கையெழுத்துப் போடும்வரை சரக்கு என்னுடையதில்லை, உரிமையாளர்தான் அனுமதி தர வேண்டும்.

உரிமையாளர், கோலாலம்பூரில் உள்ள மருந்து விநியோக நிறுவனம். அங்கே தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் தன்னால் முடிவு சொல்ல முடியாது, மேலாளர் கூட்டத்தில் இருக்கிறார், மின்னஞ்சல் அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன். பதில் வரவில்லை. மறுபடியும் அழைத்தேன். அதே பதில்.

தேவராஜ் மூன்றாவது முறை கூப்பிட்டபோது பின்னால் ஓர் அம்மா அழுவது கேட்டது.

"க்கா, நான் வெட்டிடறேன். உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லிடுங்க."

"கதவு திறந்தா முதல்ல தெரியறது எனக்குத்தான் தேவா. எப்படித் தெரியாதுன்னு சொல்றது? வெட்டறதுன்னா நான் சொல்லி வெட்டு. கொஞ்சம் இரு."

எழுந்து பாஸ் அறைக்குப் போனேன். மிஸ்டர் லிம் எதையும் சட்டென்று முடிவெடுக்க மாட்டார். நடந்ததைச் சொல்லி, சீலை வெட்டச் சொல்லப்போகிறேன் என்றேன். முழு லோடும் போய்விடலாம், வாடிக்கையாளரும் போய்விடலாம், தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். பிறகு மலாயில், செய்வதென்றால் ஒழுங்காகச் செய் என்றார். அவ்வளவுதான்.

கதவு திறந்தது

ஒழுங்கு எனக்குத் தெரிந்த விஷயம். லோடு ஏற்றும்போது எடுத்த படங்களைப் பார்த்தேன். இன்சுலின் பெட்டிகள் கதவுக்குப் பக்கத்திலேயே வலப்புறம் இருந்தன. நல்லவேளை, உள்ளே தேட வேண்டியதில்லை. வீடியோ அழைப்பில் தேவராஜ், தாதி, ஒரு போலீஸ் அதிகாரி, அஸ்லினா, நான். அங்கிருந்த தீயணைப்பு வீரர்கள் கட்டர் கொடுத்தார்கள். சீல் எண்ணைப் போலீஸ் அதிகாரி சத்தமாக வாசித்தார். கதவைத் திறக்கும்முன் ரீஃபரை நிறுத்தச் சொன்னேன். விசிறி ஓடினால் வெளிச்சூட்டை உள்ளே இழுத்துவிடும்.

சீல் வெட்டுப்பட்டதும் என் அறையில் அலாரம் அடித்தது. அதை நிறுத்தினேன். தேவராஜ் ஒரு பெட்டியைத் தாதி கையில் கொடுத்துவிட்டுக் கதவை அறைந்து மூடினார். லோரியில் உபரியாக இருந்த புது சீலைப் போட்டார், அதன் எண்ணையும் வாசித்தார்கள். ரீஃபர் மறுபடி ஓடியது. திரையில் நான்கில் இருந்த வெப்பநிலைக் கோடு ஆறைத் தாண்டியது. ஏழைத் தொட்டது. அங்கேயே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. அந்தக் கோட்டை அவ்வளவு உற்றுப் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சாயங்காலம் படகு வந்தது. தாதி போட்ட ஊசியில் அதற்குள் காமினிக்கு வாந்தி நின்று பேச்சு வந்திருந்தது. படகில் ஏறும்போது லோரிக்காரர் எங்கே என்று கேட்டாளாம். தேவராஜ் அப்போது ரீஃபருக்கு டீசல் கேட்டு தீயணைப்பு வீரர்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

பிறகு

தண்ணீர் வடிந்து லோரி சிகாமட் போய்ச் சேர்ந்தது. அஸ்லினா லோடைத் தனியாக வைத்து, வெப்பநிலைப் பதிவு முழுவதையும் பார்த்த பிறகு ஏற்றுக்கொண்டார். கோலாலம்பூர்க்காரர்கள் அப்படி விடவில்லை. அனுமதியில்லாமல் திறந்த ஓட்டுநரை இனிமேல் எங்கள் சரக்கில் போடாதீர்கள் என்று கூட்டத்தில் சொன்னார்கள். நான் குறுக்கிட்டேன்.

"ஓட்டுநர் திறக்கல. நான் திறக்கச் சொன்னேன், அவர் திறந்தாரு."

கடைசியில் எச்சரிக்கை எனக்கு வந்தது, தேவராஜ் தப்பித்தார். அதே கூட்டத்தில் மிஸ்டர் லிம் ஒரு கேள்வி கேட்டார்: இன்னொரு வெள்ளம் வந்தால் உங்கள் பக்கத்தில் யார் போனை எடுப்பார்கள்? அடுத்த ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு பெயரும் எண்ணும் சேர்ந்தன.

எனக்கு அந்த எச்சரிக்கையில் வருத்தமில்லை. விதியை மீறியிருந்தேன், எச்சரிக்கை நியாயம்தான். விதி தேவையில்லை என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். செடெனாக்கில் கோழிப் பெட்டிகள் பறிபோனதைப் பார்த்தவள் அப்படிச் சொல்ல முடியாது.

இந்த வேலைக்கு இப்போது வரும் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் திரையைப் படிக்கத் தெரிகிறது. அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். கதவு திறந்தது என்று மட்டும்தான் திரை சொல்லும். ஏன் என்பதைப் போன் போட்டுக் கேளுங்கள். அனுமதி கேட்க வேண்டியவர்கள் எல்லாரிடமும் கேளுங்கள். கேட்ட பிறகும் முடிவு உங்கள் மேசையில் வந்து விழுந்தால், முடிவை நீங்களே எடுங்கள். மழையில் நிற்கிற ஓட்டுநர் தலையில் அதைப் போடாதீர்கள்.