மூன்று மாதம் தைரியம் கேட்டோம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு பேசின் நெத்தலிக்குத் தலை கிள்ளினேன். வீட்டில் அல்ல... ஊழியத்துக்குப் போன இடத்தில்!

எங்கள் கோயிலில் வீடு சந்திக்கும் குழு ஒன்று இருக்கிறது. சனிக்கிழமைகளில் நோயாளிகளையும் தனியாக இருப்பவர்களையும் பார்த்து ஜெபித்துவிட்டு வருவோம். கொட்டாஞ்சேனையில் ஆறு வீடுகள் என் பொறுப்பு. ஒரு வீட்டுக்கு அரை மணித்தியாலம். ஜெபம் சொல்வது நான்தான். அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவர். அம்மாவுக்குக் கையெழுத்து வைக்கப் பழக்கியதே நான்தான். எங்கள் குடும்பத்தில் ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணிய முதல் ஆள்... ஆகவே என் ஜெபத்தில் நல்ல தமிழ் தாராளமாக இருக்கும். நீளமும்தான்.

லிஸ்டில் மூன்றாவது வீடு ரீட்டா அன்டியுடையது. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. யாழ்ப்பாணத்தில் கலியாணம் கட்டிய தங்கையின் மகள் வசந்தி, படிப்புக்காக வந்து அவருடன் இருக்கிறாள். அன்டிக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு இரண்டு முறை திகதி கொடுத்தார்கள். இரண்டு முறையும் அன்டி போகவில்லை. இப்போது மூன்றாவது திகதி வந்திருந்தது. இதையும் விட்டால் பிறகு எப்போது கிடைக்குமோ? வலி வந்தால் மனுஷி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

பயம் — நாங்கள் எல்லோரும் அப்படித்தான் முடிவுசெய்தோம். ‘எங்கள் சகோதரிக்குத் தைரியத்தைத் தாரும் ஆண்டவரே’ என்று மூன்று மாதம் ஜெபித்தோம். கொச்சிக்கடைக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினோம். ஏன் போகவில்லை என்று அவரிடம் கேட்டோமா? கேட்டோம்... பதில் வருவதற்குள் ஜெபப் புத்தகத்தைத் திறந்தோம்.

அன்று நான் ஜெபத்தை முடித்து எழும்பும்போது தெருவில் ஆமியின் செக்கிங் — இந்த யுத்த காலத்தில் வழக்கம்தான். இரண்டு பக்கமும் றோட்டை மறித்துவிட்டார்கள். எனக்கோ இன்னும் மூன்று வீடுகள்! மணிக்கூட்டைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக நின்றேன்.

“என்ன புள்ள, கால்ல நெருப்பு பட்ட மாதிரி? ஆமிக்காரன் விட்டாத்தானே போவாய். இப்பிடி இரு. இந்த நெத்தலியக் கிள்ளு.”

நெத்தலி கிள்ளியவர்களுக்குத் தெரியும் — அந்த வேலையில் அவசரம் சரிவராது. மீன் கையோடு ஜெபப் புத்தகத்தையும் தொட முடியாது. காது மட்டும்தான் சும்மா இருக்கும்.

அன்டி மீன்காரனில் தொடங்கினார். பிறகு முன்வீட்டுக் குசுமா அக்கா, சிங்களப் பெண். துணி துவைத்த தண்ணீரை அன்டியின் வாசல் பக்கம் ஊற்றிவிட்டாராம். நான்கு மாதமாகப் பேச்சில்லை. வழக்கமாக இந்த இடத்தில் “சரி அன்டி, மன்னிச்சு விடுவம்” என்று மறித்திருப்பேன். அன்று மறிக்கவில்லை. எங்கே போகப் போகிறேன்? ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். அரைப் பேசின் முடிந்திருந்தது.

அப்போது வெளியே யாரோ சிங்களத்தில் அதட்டும் சத்தம். உள்ளேயிருந்து வசந்தி ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமில்லை.

“பெரியம்மா, எங்கட வீட்டையோ வருகினம்?”

“ஒண்டுமில்ல மகள், லொறிய எடுக்கச் சொல்றான். நீ போய்ப் படி!”

அவள் உள்ளே போனதும் அன்டி குரலைத் தாழ்த்தினார்.

“பாத்தியா? யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இவளுக்கு ஒரு சொல்லு சிங்களம் தெரியாது. இங்க இருக்கிறாளெண்டு பொலிஸ்ல பதிஞ்சிருக்கு, எல்லாம் சரி. ஆனா வீட்டுக்கு வந்து கேட்டா ஆர் பதில் சொல்றது? இவள் பயத்தில முழிப்பாள். முழிச்சாலே போதும், ஏத்திக்கொண்டு போயிருவாங்க. நான் அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில படுத்தா?”

“அதுக்காகவா அன்டி போகல்ல?”

“பின்ன? வயித்தக் கீறுறதுக்கா பயம்? ஹாபர் வாசல்ல இருவது வருஷம் சாப்பாட்டுக் கடை போட்டவள் நான்!”

என் கை நின்றுவிட்டது. மூன்று மாதமாக நாங்கள் கேட்ட தைரியம் மனுஷியிடம் தேவைக்கு மேலேயே இருந்திருக்கிறது! எங்கள் விண்ணப்பத்தை எந்தப் பக்கம் வைப்பதென்று ஆண்டவரே யோசித்திருப்பார்.

“நான் வந்து நிக்கிறன் அன்டி. எனக்குச் சிங்களம் எழுதவும் தெரியும்” என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான்.

“ஐயோ, உன்ட சிங்களம் புத்தகச் சிங்களம். அதக் கேட்டா இல்லாத சந்தேகமும் வரும். கதைக்கிறதெண்டா குசுமா கதைக்கோணும். ஆனா நான் அவட்டப் போய்க் கேக்க மாட்டன்!”

றோட்டைத் திறந்ததும் மிச்ச வீடுகளை விட்டுவிட்டு நேரே முன்வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் முடிந்ததா? எங்கே! துணி துவைத்த தண்ணீர்க் கதையைக் குசுமா அக்காவின் பக்கத்திலிருந்தும் முழுதாகக் கேட்க வேண்டியிருந்தது. இரண்டு பிளேன் டீ. கடைசியில் தனக்குத் தெரிந்த தமிழில் அவர் கேட்டார்:

“அவ ஏன் என்கிட்ட சொல்லல்ல? தண்ணி வேற, பிள்ளை வேறதானே?”

அன்டி ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆன காலையில் நானும் கூடப் போனேன். கட்டிலில் ஏறி இருந்ததும் அன்டி என் கையைப் பிடித்தார்.

“புள்ள... இப்பதான் சரியான பயமா இருக்கு.”

அதுவரை பயப்பட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை போலும். என் நல்ல தமிழெல்லாம் நுனி நாக்குவரை வந்தது. விழுங்கினேன். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். நர்ஸ் வந்து என்னை விரட்டும்வரை அன்டி கதைத்தார்.

அந்த ஐந்து நாளும் குசுமா அக்கா பாயோடு வந்து வசந்தியுடன் தங்கினார். ஒரு பின்னேரம் பொலிஸிலிருந்து இரண்டு பேர் விசாரிக்க வந்தார்களாம். அக்கா பதிவுத் துண்டைக் காட்டி, வசந்தியின் படிப்பில் தொடங்கித் தன் முழங்கால் வலிவரை விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். முழங்கால் முடிவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். இருந்து கேட்பது எல்லோருக்கும் வருகிற வேலையா?

ஊழியம் என்றால் வாய் செய்கிற வேலை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். வேதாகமத்தில் ஆண்டவர் கிணற்றடியில் ஒரு பெண்ணோடு இருந்து கதைத்தபோது கையில் லிஸ்ட் வைத்திருந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடி முடிந்து அன்டி வீட்டுக்கு வந்தாயிற்று. எடுத்த கற்களைச் சின்னப் போத்தலில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார் — ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கதை. போன சனிக்கிழமை எனக்கும் காட்டினார்.

மூன்று கல். இரண்டு மணித்தியாலம். அசையவில்லை நான்!