அண்ணா கொண்டுபோன பெறுபேற்றுத் தாள்

நாடு சுதந்திரம் பெற்ற வருடத்தில், கொட்டியாரக் குடாவின் அக்கரையில் உள்ள கட்டைபறிச்சானில், எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாக அண்ணா பிறந்தார். ஐந்து வருடங்கள் கழித்து நான் பிறந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த குழந்தை தங்கவில்லை. அப்பா அப்போது திருகோணமலையில் வெள்ளைக்காரரின் கடற்படைத் தளத்தில் வேலை செய்தார். கிழமைக்கு ஒரு முறை லோஞ்சுப் படகில் வந்து போவார். அண்ணா பள்ளிக்கூடம் போகும் வயதை அடைந்ததும் குடும்பத்தோடு பட்டினத்துக்கு வந்துவிட்டோம்.

இந்த நினைவு மலருக்கு எழுதும்படி அண்ணி என்னைக் கேட்டபோது, அண்ணாவின் பரீட்சைக் கதையைச் சொல்வதா விடுவதா என்று பல நாட்கள் யோசித்தேன். அம்மாவுக்கு அது விருப்பமில்லை.

"செத்த பிள்ளையின்ர பெயிலைப் புத்தகத்திலை போட்டு ஊருக்குக் குடுக்கப் போறியே?" என்றார்.

அண்ணி சொன்னது வேறு: "போடுங்கோ மச்சாள். அவரே அதைச் சொல்லிச் சொல்லித்தானே சிரிக்கிறவர்."

இருவர் சொல்வதும் சரியாகவே படுகிறது. ஆனால் அதை விட்டுவிட்டால் அண்ணாவைப் பற்றி நான் எழுதுவதில் பாதி பொய்யாகிவிடும். அதனால் எழுதுகிறேன். பிழையென்றால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரர் தளத்தை விட்டுப் போனபோது அப்பாவின் வேலையும் போனது. அவரிடம் ஓர் அதிகாரி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த நற்சான்றுக் கடிதம் இருந்தது. நேர்மையானவர், கடின உழைப்பாளி என்று அதில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அப்பா பல கந்தோர்களுக்கு ஏறி இறங்கினார். போன இடத்திலெல்லாம் அவர்கள் கேட்டது, "எத்தனையாம் வகுப்புப் பாஸ்?" என்பதைத்தான். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே எண்ணம், பிள்ளைகள் சோதனை பாஸ் பண்ண வேண்டும். அண்ணா முதல் தடவை சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடம் அப்பா காலமானார். அந்தத் தடவை அண்ணா ஐந்து பாடங்களில் சித்தியடைந்தார். எண்கணிதத்தில் சித்தியடையவில்லை.

பதினாறு வயதில் அண்ணா துறைமுகத்துக்குப் போனார். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் வேலை. நிரந்தரமில்லை, வேலை இருக்கும் நாளில் கூப்பிடுவார்கள். நாலு கோடு கீறி, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து, பக்கம் பக்கமாக நிரப்புவார். பாரந்தூக்கியில் ஒரு தூக்கு வலையோடு மேலே எழும்பும்போதே அதில் எத்தனை மூட்டை என்று சொல்லிவிடுவாராம். அண்ணாவின் தாளில் ஒரு மூட்டை கூடவோ குறையவோ இருந்ததில்லை என்று அவருடன் வேலை செய்தவர்கள் செத்த வீட்டில் என்னிடம் சொன்னார்கள். அந்த மனிதர் எண்கணிதத்தில் ஏன் திரும்பத் திரும்பத் தவறினார்? இது எனக்கு இன்றைக்கும் விளங்காத ஒன்று.

ஒரு முறை நான் அவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். எனக்குப் பதினாறு, அவருக்கு இருபத்தொன்று. எட்டுப் பேர் ஆறு நாளில் செய்து முடிக்கும் வேலையைப் பன்னிரண்டு பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்பது கணக்கு.

"ஆறு நாள்," என்றார் அண்ணா.

"இல்லை அண்ணா. ஆக்கள் கூடினால் நாள் குறையும்."

"உனக்குத் தெரியாது பிள்ளை. பன்னிரண்டு பேரை விட்டால் நாலு பேர் கதைச்சுக்கொண்டு நிப்பாங்கள். மிச்சம் எட்டு. ஆறு நாள்தான்."

"சோதனையிலை அப்பிடி எழுத ஏலாது."

"அப்ப சோதனை வைக்கிறவரை ஒருநாள் துறைமுக ஜெற்றிக்கு வரச் சொல்லு."

அதைச் சொல்லி இருவரும் சிரித்தோம். பரீட்சைத் தாளிலும் அவர் அப்படித்தான் எழுதினாரோ என்று பிறகு நான் பயந்ததுண்டு. கேட்கவில்லை.

அந்த வருடம் நாங்கள் இருவரும் ஒரே பரீட்சைக்குத் தோற்றினோம். நான் பள்ளிக்கூடத்திலிருந்து முதல் தடவை. அண்ணா வெளியிலிருந்து நாலாம் தடவை. எண்ணிக் குறிப்பவர்களில் சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று கந்தோரில் அறிவித்திருந்தார்கள். தமிழும் எண்கணிதமும் உட்பட ஆறு பாடம் வேண்டும். மாத முடிவுக்குள் பரீட்சைப் பெறுபேற்றைக் காட்ட வேண்டும். அண்ணாவுக்கு வேண்டியது எண்கணிதம் என்ற அந்த ஒரு பாடம்தான். ஆனால் ஆறும் ஒரே தடவையில் இருக்க வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் திரும்ப எழுதினார்.

எங்கள் வீட்டில் தகப்பன் பெயரைப் பின்னால் எழுதுவது வழக்கம். எங்கள் இருவரின் ஞானஸ்நானப் பெயர்களும் ஒரே எழுத்தில் தொடங்குபவை. ஆகவே கடதாசியில் எழுதினால் அண்ணாவும் நானும் ஒரே ஆள்: 'ஏ' என்ற எழுத்து, ஒரு புள்ளி, அப்பாவின் பெயர். பள்ளிக்கூட நாட்களில் இது எங்களுக்கு ஒரு பகிடியாக இருந்தது.

கொழும்பில் வேலை செய்த மாமாவுக்கு எங்கள் பரீட்சைச் சுட்டெண்கள் இரண்டையும் எழுதி அனுப்பியிருந்தோம். பெறுபேறு வெளியான அன்று அவர் தெரிந்தவர் மூலம் பார்த்துத் தந்தி அடித்தார். தந்தியில் சொல்லைக் கூட்ட விரும்பாதவர். "எல்லாப் பாடமும் சித்தி. வாழ்த்துகள்." அவ்வளவுதான். விலாசத்தில் 'ஏ', புள்ளி, அப்பாவின் பெயர்.

தந்திச் சேவகர் படலையில் நின்று, "ஆர் இந்த ஏ?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றோம் இருவரும்.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

"ஆரடா பாஸ்?" என்றார் அம்மா.

அண்ணா தந்தியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "வீடு பாஸ் அம்மா," என்றார்.

மாமா அன்றே கந்தோர் அலுவலாக மலைநாட்டுக்குப் போய்விட்டார். அவரிடம் கேட்கவும் வழியில்லை. தாள் தபாலில் வர ஒரு கிழமை சென்றது. அந்தக் கிழமை முழுவதும் அண்ணா என்னைப் "பாஸ்காரி" என்று கூப்பிட்டார். நான் அவரை "நிரந்தரம்" என்று கூப்பிட்டேன். தந்தியைக் காட்டினாலே பெயரைப் பதிந்துவிடுவார்கள் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்ல, "தாள் வரட்டும்" என்று அண்ணா இருந்துவிட்டார். நான் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினேன். ஆனால் யாருக்காக என்று சொல்லாமல் வந்துவிட்டேன். அண்ணாவுக்காக என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. இதை இப்போதுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

தாள்கள் இரண்டும் ஒரே நாளில் வந்தன. சித்தியடைந்தது நான்.

குசினி அடுப்படியில் அம்மா அழுதுகொண்டிருந்தார். சந்தோசமா துக்கமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அண்ணா என் தாளை வாங்கி ஒவ்வொரு பாடமாக வாசித்தார். அப்போது நான் சொன்னேன்: "அண்ணா, இதைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ."

"இது உன்ர."

"பேர் ஒண்டுதானே. பொம்பிளைப் பிள்ளை எண்டு இதிலை எங்கை எழுதிக் கிடக்கு?"

"சுட்டெண் இருக்கு."

"அதை ஆர் பாக்கப் போகினம்? எனக்கு இது இப்ப எதுக்கு? வீட்டிலைதானே இருக்கப் போறன்."

"வீட்டிலை இருக்கவோ ஆறு பாடம் எடுத்தனீ?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவள் சொல்லுறதிலை என்ன பிழை? ஒரு வயித்துப் பிள்ளையள், ஒரு பேர்," என்றார்.

அண்ணா என் தாளை எடுத்து வைத்துக்கொண்டார். மறுநாள் காலை அம்மா தேய்த்து மினுக்கிக் கொடுத்த வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, என் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சந்தி திரும்பினார். பிடிபட்டால்? அதைச் சொன்னது நான் அல்லவா? ஓடிப்போய் மறிக்கலாமா என்று செருப்பையும் போட்டேன். பிறகு கழற்றினேன்.

மத்தியானம் அண்ணா வந்தார். தாளை என்னிடம் தந்தார். "மடிப்பு விழாமல் வை," என்றார்.

"என்ன நடந்தது அண்ணா?"

"கந்தோர்ப் பெரிய கிளாக்கர் வாசிச்சவர். நல்ல பெறுபேறாம்."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அண்ணாவின் பெயர் நிரந்தரப் பட்டியலில் வரவில்லை. பிடிபட்டு அவமானப்பட்டுத் திரும்பி வந்தார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். அந்தக் கந்தோர் வாசலால் போகவே கூசினேன்.

அந்தத் தாளோடு நான் இரண்டு வருடங்கள் வீட்டில் இருந்தேன். ஆசிரியர் வேலைக்கு எழுதினேன், தபால் கந்தோருக்கு எழுதினேன், பதில் வரவில்லை. என்னோடு படித்து என்னைவிட நன்றாகச் செய்த பிள்ளைகளும் வீட்டில்தான் இருந்தார்கள். ஆறு பாடம் எடுத்த என்னை ஐந்து பாடம் எடுத்த அண்ணா உழைத்துக் காப்பாற்றினார். பிறகு ஒருநாள் அவர் ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்து, "மேசையிலை கிடந்தது, வேணுமெண்டால் நிரப்பு," என்றார். துறைமுகக் களஞ்சியக் கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. நிரப்பினேன், நேர்முகத்துக்குப் போனேன், கிடைத்தது. எங்கள் வீட்டில் யாருடைய தயவும் இல்லாமல் படிப்பால் மட்டும் கிடைத்த ஒரே வேலை என்று எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அண்ணாவிடமே அப்படிச் சொல்லியிருக்கிறேன். "ஓம் ஓம்," என்பார்.

அண்ணா ஐந்தாம் தடவை பரீட்சை எழுதவில்லை. சில வருடங்களில் துறைமுகத்துக்குப் பாரம் ஏற்றி இறக்கும் வண்டிகள் வந்தன. ஓய்வு நேரத்தில் ஒருவரிடம் அதை ஓட்டப் பழகினார். தெரிவு நாளில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள்; ஓட்டினார். நாலு தடவை எழுதியும் வராத நிரந்தரம் அரை மணித்தியாலத்தில் வந்தது. அதன்பின் அண்ணியைக் கைப்பிடித்தார். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் எத்தனையாம் வகுப்பு என்று அவர் கேட்டதில்லை என்று சொல்கிறார்கள். அப்பா பட்டதை மறக்காதவர்.

சென்ற வருடம் ஈரலில் நோய் கண்டது. கடைசி மாதங்களில் என் மகள் அவர் கட்டிலருகே இருந்துதான் எழுத்துப் பழகினாள். எழுத்தைத் தலைகீழாக எழுதுகிறாள், வருகிற வருடம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமே என்று நான் கவலைப்பட்டால், "நாலு வயசிலை அவளிட்டை ஆர் சேட்டிபிக்கேற் கேக்கப் போறாங்கள்? விடு," என்பார். வலியிலும் அப்படித்தான் கதைப்பார். நற்கருணை வாங்கி, அண்ணியின் கையைப் பிடித்தபடி, அமைதியாகக் கண்களை மூடினார். வயது முப்பத்தைந்து.

அடக்கம் முடிந்த மறுநாள், அந்தக் காலத்துப் பெரிய கிளாக்கர் வீட்டுக்கு வந்தார். வேலையிலிருந்து இளைப்பாறிக் குறிஞ்சாக்கேணியில் இருக்கிறார். தள்ளாத வயதில் கிண்ணியாத் துறையில் பாதைப் படகு ஏறி வந்திருந்தார். அவரைக் கண்டதும் எனக்குப் பழைய கூச்சம் வந்தது. இருந்தும் கேட்டேன்: "சேர், அண்ணா ஒரு நாள் ஒரு பெறுபேற்றுத் தாள் கொண்டு வந்தவர்..."

"ஓம் மகள். மறப்பனா? பேரப் பாத்துட்டு, 'தம்பி, பாஸ்தானே, இப்பவே எழுதிர்ரன்' எண்டு பேனையும் எடுத்துட்டன். அவர் தாளுக்கு மேல கைய வெச்சிட்டார். 'சேர், இது என்ட தங்கச்சிட. நான் திரும்பவும் பெயில். இந்தத் தாளுக்கு இந்தக் கந்தோர்ல என்ன வேல இருக்கு எண்டு கேக்க வந்தனான்' எண்டார்."

நான் அவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டேன்.

"அப்ப பொம்புளப் புள்ளயள எடுக்கல்ல. எடுக்கிற நேரம் சொல்றன் எண்டன். அதோட விட்டாரா? மாசத்துக்கு ஒருக்கா வந்து நிப்பார். அவரக் கண்டா ஒளிக்கோணும் போல இருக்கும் எனக்கு. ரெண்டு வருசத்தால அறிவித்தல் வந்த அண்டைக்கே படிவத்த எடுத்துக் குடுத்துட்டன்."

"என்னட்டைச் சொல்லேல்லையே சேர்."

"நானும் கேட்டன், ஏன் புள்ளைக்குச் சொல்லல்ல எண்டு. 'அவ தன்ட படிப்பால எடுத்ததாவே இருக்கட்டும்' எண்டார். அது பொய்யும் இல்லத்தானே மகள்? நேர்முகத்துல நீங்கதானே பதில் சொன்ன."

பொய் இல்லைத்தான். அந்தத் தாள் இல்லாவிட்டால் என்னை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். அண்ணா இல்லாவிட்டால் அப்படி ஓர் உள்ளே இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. எது எவ்வளவு என்று இந்த முப்பது நாட்களும் யோசித்துப் பார்க்கிறேன், பிரிக்க முடியவில்லை. அன்று அந்தத் தாளைக் கொண்டு போகும்போது வழியில் அவருக்கு ஒரு கணமாவது ஆசை வந்திருக்குமா? சந்தி திரும்பும் வரை என்ன நினைத்திருப்பார்? கேட்க இனி ஆளில்லை.

அண்ணாவை நோயில் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இரத்தம் தந்த துறைமுகத் தோழர்களுக்கும், இறுதிச் சடங்கை நடத்தித் தந்த பங்குத் தந்தைக்கும், அக்கரையிலிருந்து லோஞ்சில் வந்து தோள் கொடுத்த கட்டைபறிச்சான் உறவுகளுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும் அம்மாவும் அண்ணியும் நாங்களும் நன்றி சொல்கிறோம். யாரையேனும் விட்டிருந்தால் அது என் மறதி. குறையாக எடுக்க வேண்டாம். சொல்லலாமா என்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போன பெரிய கிளாக்கருக்கும் நன்றி.

அண்ணாவுக்கு நான் ஒரு நாளும் நன்றி சொல்லவில்லை. எதற்கென்று அப்போது எனக்குத் தெரியாது, அண்ணா.

தங்கச்சி