நீலத் தயிர்

ஒரு சின்னக் கண்ணாடிக் குவளை. அதன் வாயை மூடி, ஊசியால் துளை போட்ட காகிதம். உள்ளே நீலக் கரைசல். நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குள் என் மனைவி முதன்முதலில் கொண்டுவந்து வைத்த பொருள் அதுதான். அறுபதுகளின் தொடக்கம். எனக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. அவள் சென்னையில் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. கல்யாணம் முடிந்த கையோடு கோடை விடுமுறைக்கு வந்திருந்தாள்.

டிரையசோல் என்ற சேர்மத்தை அவளே தயாரித்து, செம்போடு சேர்த்திருந்தாள். டிரையசோல் வளையத்தில் மூன்று நைட்ரஜன் அணுக்கள் உண்டாம். செம்பு அதில் எதன் கையைப் பிடித்திருக்கிறது என்பதுதான் அவள் கேள்வி. எக்ஸ்ரே படம் எடுத்தால் தெரிந்துவிடும், ஆனால் அதற்கு ஒழுங்கான ஒற்றைப் படிகம் வேண்டும். சென்னையில் கிடைத்ததெல்லாம் வெறும் தூள். கரைசல் ஆடாமல் மெல்ல வற்றினால் அடியில் படிகம் விளையலாம் என்றுதான் குவளையோடு வந்திருந்தாள். "இந்த லீவுலயும் படிகம் வரலேன்னா படிப்பை விட்டுடறேன். இங்கேயே உங்களோட இருந்துடறேன்" என்றாள். வந்துவிட்டாலோ, மறுபடி சென்னை, முடிக்க வருஷக்கணக்காகும். நான் எந்தச் சாமியிடம் போய் எதைக் கேட்பது?

குவளை அசையக்கூடாது என்பதால் கதவை அறைந்து சாத்தத் தடை, மின்விசிறிக்கும் தடை. அந்த வெயிலில் புது மாப்பிள்ளை வெந்துபோனேன். மந்தாரக்குப்பத்திலிருந்து தயிர் கொண்டுவரும் அம்மாள் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாங்கம்மா, கிட்ட போவாம பாத்துகினே இருக்கீங்க? தயிரா ஒறைய வச்சிருக்கீங்க?" என்றார். "ஆமாங்க, நீலத் தயிர்" என்றாள் இவள், முகம் மாறாமல்.

ஒருநாள் முதல் ஷிப்ட் முடிந்து மத்தியானம் வந்தேன். அவள் பாயில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். குவளையைப் பார்த்தேன். அடியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, பட்டை தீட்டியதுபோல் ஒரு நீலம். எனக்கு வேதியியல் தெரியாது, ஆனாலும் அது தூள் இல்லை என்று தெரிந்தது. இனி அவளுக்குச் சென்னைதான் என்பதும் தெரிந்தது. "எழுந்திரு, வந்துடுச்சு" என்று அந்த நிமிஷமே எழுப்பினேன்.

லென்ஸ் வைத்துப் பார்த்தவள் சிரித்தாள், கொஞ்சம் அழுதாள். பிறகு, "நெஜமாவே உங்களுக்குச் சந்தோஷமா?" என்று கேட்டாள். "பின்னே?" என்றேன். அந்த வாரமே பஸ் ஏறிவிட்டாள்.

பட்டம் வாங்கினாள், திரும்பி வந்தாள், நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தோம். எந்த நைட்ரஜன் என்று படம் போட்டுக்கூடக் காட்டினாள். அது எனக்கு மறந்துவிட்டது. கேட்க இப்போது அவள் இல்லை. எழுப்பியதில் வருத்தமில்லை. ஆனாலும் படிகம் எங்கே ஓடிப்போகப் போகிறது? ஒரு மணி நேரம் கழித்து எழுப்பியிருக்கலாம். அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.